லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் போதுமா?

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவிக் கூட்டத்தில், கணினி உதவிக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நமது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

மஹல்லாவின் பெரியோர்களே, தாய்மார்களே, கல்லூரியிலும் பள்ளியிலும் படிக்கும் எங்கள் தம்பி தங்கைகளே!

கொஞ்ச நாட்களாக நம் குழுவிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "கம்ப்யூட்டரைத் திறந்தால் ஏதோ எச்சரிக்கை வருகிறது, புதிது வாங்கச் சொல்கிறது, என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை பிராசஸரும் அதற்கு மேலும்தான் பட்டியலில் இருக்கின்றன. அதாவது 2017-க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை வெளியே நிற்கின்றன.

நம் வீடுகளில் இருப்பவை எப்படிப்பட்ட கணினிகள்? அண்ணன் வளைகுடாவில் இருந்து வரும்போது கொண்டுவந்தது, அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப், அலுவலகங்கள் கழித்துவிட்டபோது நமது அறக்கட்டளைக்கு நன்கொடையாக வந்தவை. இவற்றின் திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு நன்றாக இருக்கிறது. மென்பொருளின் கணக்குப்படி மட்டும் இவை காலாவதி. நன்றாக இருக்கும் பொருளைக் குப்பையில் போடுவது வீண்விரயம், மார்க்கம் அதை வெறுக்கிறது. அதற்காகப் பாதுகாப்பு இல்லாத கணினியில் பேங்க் கணக்கைத் திறப்பதும் புத்திசாலித்தனம் ஆகாது. கடையில் கொடுத்து, உரிமம் இல்லாத விண்டோஸை இருநூறு முந்நூறுக்குப் போட்டுக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளின் திருட்டு நகல் அது. சட்டமும் அதை அனுமதிக்கவில்லை, மனசாட்சிக்கும் அது உறுத்தலாகவே இருக்கும். போதாததற்கு, அந்த 'க்ராக்' கோப்புகளோடு வைரஸும் சேர்ந்தே உள்ளே வருகிறது.

இந்த இடத்தில்தான் லினக்ஸ் வருகிறது.

லினக்ஸ் என்பது என்ன?

1991-இல் பின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய வேலை இது. அதற்கு முன்பே, 1983-இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் அமெரிக்காவில் க்னு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் பயன்படுத்தும் இயங்குதளம். யாரும் எடுக்கலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், நகல் எடுத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். அந்த உரிமையை அதன் உரிமமே எழுத்தில் தருகிறது. இங்கே நகல் எடுத்துக் கொடுப்பவர் திருடர் இல்லை, உதவி செய்பவர். உங்கள் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் லினக்ஸ்தான். ஆக, நம்மில் பலர் பத்து வருடமாக அதைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் போட்டுக் கொடுப்பது லினக்ஸ் மிண்ட். விண்டோஸ் போலவே கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று இருப்பதால் கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. 2 ஜிபி ரேம் இருந்தால் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி. பழைய கணினிக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலேசாக இருக்கும். அதன் இன்றைய முதன்மைப் பதிப்பு 64 பிட் கணினிகளில் மட்டுமே ஓடும். மிகப் பழைய 32 பிட் கணினி வைத்திருப்பவர்கள் முதலில் எங்களிடம் காட்டிவிடுங்கள்.

இரண்டு மாநிலங்கள், ஒரு பாடம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். லினக்ஸைப் போட்டுக் கொடுத்தால் போதுமா?

நமது தமிழ்நாட்டிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு சேர்த்து 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. அது நம் நாட்டு அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. லேப்டாப் வாங்கிய பிள்ளைகள் இங்கேயும் இருப்பீர்கள். உங்களில் எத்தனை பேர் அதைத் திறந்து வேலை செய்தீர்கள்? பெரும்பாலானவர்கள் திறந்தே பார்க்கவில்லை. மென்பொருளில் குறை இருந்ததால் அல்ல, உட்கார்ந்து காட்டித்தர ஆள் இல்லாததால்.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். அங்கே 2001-இல் 'ஐடி அட் ஸ்கூல்' என்ற திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப் புத்தகத்தையே அந்த மென்பொருளை வைத்து எழுதினார்கள், பழுது வந்தால் கேட்க ஆள் வைத்தார்கள். இன்று அங்கே பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில் படிப்பது சாதாரண விஷயம்.

இரண்டு இடத்திலும் இருந்தது லினக்ஸ்தான். வித்தியாசம், கூட இருந்த மனிதர்கள். ஒரு கணினியில் லினக்ஸ் போடுவது ஒரு மணி நேர வேலை. அந்தக் குடும்பம் அதில் கால் ஊன்றும்வரை கூட இருப்பது ஒரு மாத வேலை. இந்த ஒரு மாத வேலைக்குத்தான் நமக்கு ஆள் தேவை. இன்றைய உரையே அதற்காகத்தான்.

முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள்

உதவப் போகும் இளைஞர்களுக்குச் சொல்கிறோம். ஒரு வீட்டுக்குப் போனவுடன் "லினக்ஸ் நல்லது, விண்டோஸ் கெட்டது" என்று பயான் ஆரம்பிக்காதீர்கள். "காக்கா, இந்தக் கம்ப்யூட்டரில் நீங்கள் தினமும் என்னென்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். வாட்ஸ்அப், யூடியூப், பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், கடிதம் அடிப்பது, வெளிநாட்டில் இருப்பவரோடு வீடியோவில் பேசுவது என்று பட்டியல் வந்தால், இவை எல்லாம் லினக்ஸில் நடக்கும். பாதிக்கு மேல் பிரவுசரிலேயே முடிந்துவிடும் வேலைகள்.

ஆனால் பட்டியலில் டேலி இருக்கிறதா? கோரல் டிராவோ ஃபோட்டோஷாப்போ இருக்கிறதா? அங்கே நில்லுங்கள். இவை விண்டோஸில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் அடித்துப் பிழைக்கிற டிடிபி கடைக்காரரிடம் போய், "இன்க்ஸ்கேப் இருக்கிறது, கிம்ப் இருக்கிறது, இன்றே மாறுங்கள்" என்று சொல்வது உதவி ஆகாது. அவை நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் அவருடைய பத்து வருடக் கோப்புகளும் கைப்பழக்கமும் வேறு இடத்தில் இருக்கின்றன. அவர் ரிஸ்க்கில் நாம் பரிசோதனை செய்யக் கூடாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்து வேலை செய்பவர்கள், கைரேகைக் கருவி வைத்திருக்கும் சேவை மையத்தினர், விண்டோஸை மட்டும் ஏற்கும் தேர்வு மென்பொருளில் பரீட்சை எழுதப் போகும் மாணவர்கள் ஆகியோருக்கும் இதே எச்சரிக்கைதான். இவர்களுக்கு விண்டோஸை அப்படியே வைத்துப் பக்கத்தில் லினக்ஸையும் போட்டு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திறக்கும்படி செய்து தரலாம். அல்லது "உங்களுக்கு இப்போது வேண்டாம்" என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வதும் உதவிதான். கேட்டவருக்கு நல்ல ஆலோசனை சொல்வது ஓர் அமானிதம்.

கை வைக்கும் முன் நகல்

ஒரு குடும்பத்தின் கணினியில் இருப்பது வெறும் கோப்பு இல்லை. மௌத்தாகிவிட்ட வாப்பாவின் போட்டோ இருக்கும், நிக்காஹ் வீடியோ இருக்கும், மகளின் மதிப்பெண் பட்டியல் ஸ்கேன் இருக்கும். அது போனால் போனதுதான். அதனால் எங்கள் குழுவில் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம்: நகல் எடுத்து, அந்த நகலை இன்னொரு கணினியில் திறந்துபார்த்து, வீட்டுக்காரரும் பார்த்து "சரி" என்று சொல்லும்வரை எதையும் அழிப்பதில்லை.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், போட்டோ ஆகியவற்றோடு நிற்காமல் டி டிரைவையும் பாருங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் புக்மார்க்குகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். சில லேப்டாப்களில் பிட்லாக்கர் என்ற பூட்டு இயங்கிக்கொண்டிருக்கும், வைத்திருப்பவருக்கே அது தெரியாது. அதன் மீட்புச் சாவியை முதலில் குறித்து வையுங்கள். இல்லையென்றால் உள்ளே இருப்பதை நீங்களும் படிக்க முடியாது, அவரும் படிக்க முடியாது.

பழைய தமிழ்க் கோப்புகளில் ஒரு சிக்கல் உண்டு. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். "கோப்பு கெட்டுவிட்டது" என்று வீட்டுக்காரர் பதறிவிடுவார். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து நகல் எடுத்தால் பிரச்சினை தீரும். முக்கியமானவற்றை மெதுவாக யூனிகோடுக்கு மாற்றிக் கொள்ளலாம்.

போட்டுப் பார்க்காமலே ஓட்டிப் பார்க்கலாம்

லினக்ஸில் ஒரு நல்ல வசதி, கணினியில் நிறுவாமலே அதை ஓட்டிப் பார்க்கலாம். ஒரு 8 ஜிபி பென்டிரைவில் மிண்ட்டை ஏற்றி, கணினியை இயக்கும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் என அந்தந்த நிறுவனம் வைத்திருக்கும் விசையை அழுத்தினால் பென்டிரைவில் இருந்தே திறக்கும். உள்ளே இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும்.

அப்போது ஐந்து விஷயங்களைச் சோதியுங்கள்: வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர், மூடித் திறந்தால் லேப்டாப் விழிக்கிறதா என்பது. சில வைஃபை சில்லுகளுக்கு டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டும். அதற்கு இணையம் தேவை, இணையத்துக்கு வைஃபை தேவை என்று சுற்றிக்கொண்டு நிற்காமல், போனை யுஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைப் பகிருங்கள். மிண்ட்டின் டிரைவர் மேனேஜர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். எச்.பி. பிரிண்டர்கள் பெரும்பாலும் உடனே வேலை செய்யும். கேனான் லேசர் வகைகள் சிலவற்றுக்கு நிறுவனத்தின் டிரைவரை இறக்க வேண்டிவரும். பென்டிரைவில் ஓடும்போது வேகம் குறைவாக இருக்கும், நிறுவிய பின் அப்படி இருக்காது. இதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கணினி மிக மெதுவாக இருந்தால், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். பழைய லேப்டாப்பில் வேறு எந்தச் செலவும் அவ்வளவு பலன் தராது. பழைய டிஸ்க்கை அப்படியே ஒரு கவரில் போட்டு வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால், அதுவே இரண்டாவது நகலாகவும் ஆகிவிடும்.

முதல் நாள்

முதல் நாளில் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளைத் தட்டிக் காட்டாதீர்கள். உங்களுக்குப் பெருமை, அவருக்குப் பயம். முதல் நாள் அவர் எழுதிக்கொடுத்த பட்டியலில் உள்ள வேலைகளை மட்டும், அவர் கையாலேயே செய்ய வையுங்கள். மவுஸை அவரிடமிருந்து பிடுங்கக் கூடாது. நீங்கள் பத்து விநாடியில் செய்வதை அவர் இரண்டு நிமிடத்தில் செய்வார். அந்த இரண்டு நிமிடம் பொறுப்பதுதான் உங்கள் ஸப்ர்.

தமிழ் தட்டச்சை அன்றே அமைத்துக் கொடுங்கள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் முறை மூன்றும் உண்டு. அவர் எதில் பழகியிருக்கிறாரோ அதை வையுங்கள், உங்களுக்குப் பிடித்ததை வைக்காதீர்கள். மத்ரஸா உஸ்தாதுமார்களுக்கு அரபு விசைப்பலகையையும் சேர்த்துக் கொடுங்கள். லிப்ரே ஆபீஸின் மொழி அமைப்பில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை இயக்கினால் வலமிருந்து இடமாக எழுதும் பொத்தான் வந்துவிடும். அமீரி என்ற அரபு எழுத்துரு இலவசம், வினாத்தாள் அடிக்க அழகாக இருக்கும்.

லிப்ரே ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தை. 2010-இல் ஓபன் ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்தது இது. வேர்ட், எக்செல் கோப்புகளைத் திறக்கும். ஆனால் எழுத்துரு வேறானால் வரிகள் சற்று நகரும். அதனால் பிரிண்ட் போடக் கொடுப்பதையும் விண்ணப்பத்தோடு இணைப்பதையும் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பப் பழக்குங்கள். மற்றவர் திருத்த வேண்டிய கோப்பை வேர்ட் வடிவத்திலேயே சேமிக்கச் சொல்லுங்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். கடைசி நாள் இரவில் புராஜெக்ட் ரிப்போர்ட் கலைந்து நின்றால், பிள்ளை லினக்ஸையே திட்டும்.

முதல் மாதம்

அடிக்கடி வரும் கேள்விகளை இப்போதே சொல்லிவிடுகிறோம். "சி டிரைவ் எங்கே?" என்பார்கள். இங்கே அப்படி இல்லை, உங்கள் கோப்புகள் எல்லாம் ஹோம் என்ற வீட்டுக்குள் இருக்கின்றன. "இன்டர்நெட்டில் இறக்கிய எக்ஸ்இ ஓடவில்லை" என்பார்கள். இங்கே மென்பொருளைக் கண்ட இடத்தில் இறக்க வேண்டாம், போனில் ப்ளே ஸ்டோர் போல சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி எடுக்க வேண்டும். "டெர்மினலில் பாஸ்வேர்டு அடித்தால் எழுத்தே விழவில்லை, கீபோர்டு போய்விட்டது" என்பார்கள். கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. சில லினக்ஸ் வகைகளில் அங்கே புள்ளிகூடக் காட்டாது, அடித்துவிட்டு என்டர் தட்ட வேண்டும். "அப்டேட் கேட்கிறது, செய்யலாமா?" என்பார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதற்கு முன் டைம்ஷிஃப்ட் என்ற வசதியை நீங்களே அமைத்து வைத்திருக்க வேண்டும். ஏதாவது கோளாறு வந்தால் நேற்று இருந்த நிலைக்குக் கணினியைத் திருப்பிவிடலாம். அது குடும்பப் படங்களுக்கான நகல் அல்ல. படங்களை வெளி டிஸ்க்கில் தனியாக வைக்க வேண்டும்.

வைரஸ் பற்றியும் கேட்பார்கள். லினக்ஸ் போட்டால் எந்த ஆபத்தும் வராது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, ஓடிபி சொல்லுங்கள்" என்று போன் வந்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

இன்னொன்றும் உண்டு. கேட்ட கேள்வியையே நான்காவது முறை கேட்டாலும் முகம் சுளிக்காதீர்கள். "இதுகூடத் தெரியாதா?" என்ற ஒரு சொல் போதும், அந்தத் தாய் இனி அந்தக் கணினியைத் தொட மாட்டார். மார்க்கத்தை எளிதாக்கிக் காட்டும்படிதான் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். கணினியை மட்டும் கடினமாக்கிக் காட்டுவானேன்?

பெண்களுக்கு, பெரியவர்களுக்கு

நம் வீடுகளில் கணினியை அதிகம் பயன்படுத்துவது பெண் பிள்ளைகளும் தாய்மார்களும்தான். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க பெண்களே வேண்டும். கல்லூரியில் கணினி படிக்கும் சகோதரிகள் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு தெருவுக்குப் பொறுப்பு எடுத்தாலே போதும். பெரியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். மேசையில் நான்கே படங்கள் வையுங்கள்: பிரவுசர், கோப்புகள், எழுதும் மென்பொருள், அணைக்கும் பொத்தான்.

நாங்கள் கேட்பது

பெற்றோர்களிடம் கேட்கிறோம்: கணினி பழையது என்று தூக்கிப் போடும் முன் எங்களிடம் காட்டுங்கள். நன்கொடையாகக் கொடுப்பதாக இருந்தால், உங்கள் படங்களையும் கணக்குகளையும் நீங்களே நகல் எடுத்துக்கொண்டு சொல்லுங்கள். டிஸ்க்கை உங்கள் கண் முன்னால் முழுதாக அழித்த பிறகே அடுத்தவருக்குக் கொடுப்போம்.

இளைஞர்களிடம் கேட்கிறோம்: ஆளுக்கு இரண்டு குடும்பம். ஒரு மாதத்துக்கு வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நேரில் போங்கள், இடையில் போனில் கேட்டால் பதில் சொல்லுங்கள். மாத முடிவில் அந்தக் குடும்பம் "எங்களுக்கு இது சரிவரவில்லை" என்று சொன்னால், சங்கடப்படாமல் பழையபடி மாற்றிக் கொடுங்கள். எடுத்துவைத்த நகல் அதற்கும்தான். கட்டாயத்தில் நிற்பது நிலைக்காது, பழக்கத்தில் நிற்பதே நிலைக்கும். இன்று கற்றுக்கொள்ளும் ஒரு சகோதரி நாளை பக்கத்து வீட்டுக்குக் கற்றுத் தருவார். பயன் தரும் கல்வியின் நன்மை நம் காலத்துக்குப் பின்னும் தொடரும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே.

ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் குழுவினர் இருப்பார்கள். லேப்டாப்பையும் அதன் சார்ஜரையும் கொண்டுவாருங்கள், கூடவே தினமும் செய்யும் வேலைகளின் பட்டியலையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் கணினியைத் திறப்போம்.

வல்ல அல்லாஹ் நமது பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. நம் கையில் உள்ள பொருள்களை வீணாக்காமல் பயன்படுத்தும் அறிவையும், அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமையையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.